ஜோயி ஜோன்ஸ்: ரசிகராகவே ஆடிய வேல்ஸ் தடுப்பாளர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாலிவுட் நடிகர் ரயன் ரெனால்ட்ஸ் வாங்கிய பிறகுதான் வேல்ஸில் ரெக்ஸம் என்றொரு கால்பந்து கிளப் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியும். அதனால் 2025 ஜூலை 22 அன்று ஜோயி ஜோன்ஸ் 70 வயதில் காலமானபோது அந்த ஊரே ஏன் அப்படிக் கலங்கியது என்பது புதிய ரசிகர்களுக்குப் புரியவில்லை. இப்படிப்பட்ட தடுப்பாளர்கள் இப்போது உருவாவதில்லை. அவரைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

யார் இந்த ஜோயி ஜோன்ஸ்?

வேல்ஸ் நாட்டுத் தடுப்பாட்டக்காரர். பெரும்பாலும் இடது பக்கம், சில காலம் வலது பக்கம், வயதான பிறகு நடுவிலும் ஆடினார். ரெக்ஸம், லிவர்பூல், மறுபடி ரெக்ஸம், செல்சி, ஹடர்ஸ்ஃபீல்டு, மூன்றாவது முறையாக ரெக்ஸம் என்று 1970களின் தொடக்கத்திலிருந்து 1992 வரை ஓடியது அவருடைய ஆட்ட வாழ்க்கை. லீக் ஆட்டங்கள் மட்டும் 600க்குப் பக்கம். வேல்ஸுக்காக 72 ஆட்டங்கள். ஐரோப்பியக் கோப்பை (கிளப் அணிகளுக்கானது, இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதியில் வென்ற அணியில் ஆடிய முதல் வேல்ஸ்காரர் அவர்தான்.

எந்த ஊர்க்காரர்?

1955 மார்ச் 4 பிறந்த நாள். வளர்ந்தது வடக்கு வேல்ஸில் கடலோரம் இருக்கும் லாண்டுட்னோவில். ஊர்ப் பெயரை நான் எழுதியிருப்பது உச்சரிப்புக்குக் கிட்டத்தட்டத்தான். அதன் முதல் எழுத்து வேல்ஸ் மொழிக்கே உரிய ஓசை. நம்முடைய ழகரத்தைப் போல வெளியாட்கள் வாயில் படாதபாடு படும்.

தெற்கு வேல்ஸ் என்றால் ரக்பி, வடக்கு வேல்ஸ் என்றால் கால்பந்து என்று பொதுவாகச் சொல்வார்கள். முழு உண்மை இல்லை என்றாலும் ஒன்று மட்டும் நிஜம். வடக்கு வேல்ஸ் பையன்களுக்குத் தலைநகர் கார்டிஃப் தூரம், இங்கிலாந்தின் லிவர்பூல் பக்கம். ஜோயியும் சிறுவயதிலேயே லிவர்பூல் பித்து. ஆன்ஃபீல்டு மைதானத்தில் ‘கோப்’ என்று அழைக்கப்படும் ஸ்டாண்டில் நின்று கத்திய கூட்டத்தில் ஒருவர். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் அவருடைய மீதிக் கதை முழுவதும் விளங்கும்.

ரெக்ஸமிலிருந்து லிவர்பூலுக்கு எப்படிப் போனார்?

ரெக்ஸமில் அவரை வளர்த்தவர் அப்போதைய மேலாளர் ஜான் நீல். இந்தப் பெயர் பின்னால் இன்னொரு முறை வரும். அப்போது ரெக்ஸம் இங்கிலாந்து லீக்கின் மூன்றாம் டிவிஷனில்தான் இருந்தது. ஆனாலும் 1974இல் எஃப்.ஏ. கோப்பை காலிறுதி வரை போன துடிப்பான அணி.

1975 ஜூலையில் லிவர்பூல் மேலாளர் பாப் பெய்ஸ்லி 1,10,000 பவுண்டு கொடுத்து ஜோயியை லிவர்பூலுக்கு வாங்கினார். வயது 20. எந்த ஸ்டாண்டில் நின்று கத்தினாரோ, அதே ஸ்டாண்டுக்கு முன்னால் சிவப்புச் சட்டையோடு நிற்கும் நாள் வந்தது. முதல் சீசனில் லிவர்பூல் லீக்கை வென்றது. ஆனால் ஜோயி ஆடியது 13 லீக் ஆட்டங்கள்தான். பதக்கத்துக்கு அது போதவில்லை. அடுத்த சீசனில் இடது பக்கம் அவருக்கே என்று ஆனது.

முஷ்டியை உயர்த்திக் காட்டுவாரே, அது என்ன?

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் கோப் ஸ்டாண்டைப் பார்த்து ஓடிப்போய், மூடிய முஷ்டியை ஆட்டிக் காட்டுவார். கூட்டம் பதிலுக்கு உறுமும். முன்கையில் லிவர்பூலின் சின்னமான பறவையைப் பச்சை குத்தியிருந்தார். கால்பந்து வீரர்கள் உடம்பெல்லாம் பச்சை குத்திக்கொள்ளும் காலம் இல்லை அது. மாலுமியும் துறைமுகத் தொழிலாளியும் குத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இன்று கோல் போட்டுவிட்டுச் சட்டையில் இருக்கும் சின்னத்தை முத்தமிடுபவர் அடுத்த மாதமே வேறு சட்டையில் நிற்பதைப் பார்க்கிறோம். ஜோயி காட்டிய முஷ்டி அந்த ரகம் இல்லை. ‘நானும் உங்களில் ஒருவன்தான், கொஞ்ச நேரம் உள்ளே போய் ஆடிவிட்டு வருகிறேன்’ என்கிற மாதிரி இருந்தது அது. ரசிகர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரரா, வெறும் ஆவேசம்தானா?

நியாயமான கேள்விதான். பந்தைக் காலில் ஒட்டவைத்து வித்தை காட்டுபவர் இல்லை அவர். அவரோடு ஆடிய லிவர்பூல் அணியில் கெவின் கீகன், ரே கென்னடி, ஸ்டீவ் ஹைவே என்று கலைஞர்கள் நிறைந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் இவர் கொஞ்சம் கரடுமுரடாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஆனால் பெய்ஸ்லி ஆவேசத்துக்கு மயங்குகிற ஆள் இல்லை. 1976-77 சீசனில் 42 லீக் ஆட்டங்களில் 39இல் ஜோயியை இறக்கினார் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா? அந்த இடத்துக்கு வேண்டியது எல்லாம் அவரிடம் இருந்தது. எதிரணி விங்கருக்கு (ஓரமாகப் பந்தோடு ஓடி வரும் முன்களக்காரருக்கு) மூச்சுவிட நேரம் கொடுக்க மாட்டார். தலையால் முட்டும் பந்துக்கு அஞ்ச மாட்டார். தோற்றுக்கொண்டிருந்தாலும் ஓட்டம் குறையாது. பந்து கிடைத்ததும் தன்னைவிடத் திறமையான ஒருவரிடம் தள்ளிவிட்டு நகர்ந்துவிடுவார். தன் அளவு என்ன என்று தெரிந்து வைத்திருப்பதும் ஒரு திறமைதான். பல பேருக்கு அது கடைசி வரை வராது.

‘தவளைக் கால்’ பேனர் கதை என்ன?

கால்பந்து ரசிகர்கள் எழுதிய பேனர்களில் இன்றுவரை அதிகம் பேசப்படுவது இது. 1977 மே 25, ரோம் நகரம், ஐரோப்பியக் கோப்பை இறுதி. லிவர்பூலுக்கு எதிரே ஜெர்மனியின் மொன்ஷன்கிளாட்பாக். அங்கே ரசிகர்கள் தூக்கிப் பிடித்த பெரிய துணியில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘ஜோயி தவளைக் காலைத் தின்றான், சுவிஸ் ரோல் செய்தான், இப்போது கிளாட்பாக்கை மெல்லுகிறான்.’

மொழிபெயர்த்தால் பாதிச் சாறு போய்விடுகிறது, எனவே விளக்கம் தேவை. காலிறுதியில் லிவர்பூல் தோற்கடித்தது பிரான்சின் செந்த் எத்தியென் அணியை. தவளைக் கால் பிரெஞ்சுக்காரர்களின் பண்டம். அரையிறுதியில் சுவிட்சர்லாந்தின் சூரிக் அணி. சுவிஸ் ரோல் என்பது சுருட்டிய கேக், எதிரியை உருட்டிவிட்டான் என்றும் பொருள் வரும். மூன்றாவதுதான் உச்சம். ஆங்கிலத்தில் மெல்லுவதற்கு ‘மஞ்சிங்’. ‘மஞ்சிங் கிளாட்பாக்’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், அந்த ஜெர்மன் ஊரின் பெயரே காதில் விழும். சிலேடையில் நம் காளமேகத்துக்கு ஈடு இல்லைதான், ஆனாலும் ஆட்டம் பார்க்கக் கிளம்பிய ரசிகர்களுக்கு இது சாதாரண வேலையா?

இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது வேறு ஒன்று. அணியில் கீகன் இருந்தார். ஐரோப்பாவே அறிந்த பெயர். பேனரில் ஏறியது அவர் பெயர் இல்லை, இடது பக்கத் தடுப்பாளரின் பெயர்.

அந்த இறுதி ஆட்டம் எப்படி முடிந்தது?

லிவர்பூல் 3-1 என்று வென்றது. டெர்ரி மக்டெர்மட் முதல் கோல். இடைவேளைக்குப் பிறகு ஜிம்மி கேஸ் கொடுத்த தவறான பாஸைப் பறித்து ஆலன் சிமொன்சன் சமன் செய்தார். பிறகு மூலையிலிருந்து வந்த பந்தை டாமி ஸ்மித் தலையால் முட்டினார். கடைசியில் ஃபில் நீல் பெனால்ட்டி. லிவர்பூலின் முதல் ஐரோப்பியக் கோப்பை அது.

நான்கு நாள் முன்புதான் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 2-1 என்று தோற்றிருந்தார்கள். அந்த வலியோடு ரோமுக்குப் போய் ஜெயித்தார்கள். ஜோயி இரண்டு இறுதியிலும் முழுக்க ஆடினார். ரோமிலிருந்து திரும்பிய ஆறாம் நாள், மே 31 அன்று, வெம்ப்ளியில் வேல்ஸ் சட்டையில் நின்றார். எதிரே இங்கிலாந்து அணியில் கீகன், ஃபில் நீல் என்று அதே லிவர்பூல் தோழர்கள். லெய்டன் ஜேம்ஸ் பெனால்ட்டியில் வேல்ஸ் 1-0 என்று ஜெயித்தது. பத்தே நாளில் இப்படி அடுத்தடுத்து ஆட்டங்கள்! இன்றைய உடல்தகுதி நிபுணர்கள் கேட்டால் மயங்கி விழுவார்கள்.

இவ்வளவு இருந்தும் லிவர்பூலை ஏன் சீக்கிரம் விட்டுப் போனார்?

பெய்ஸ்லி உணர்ச்சிவசப்படுகிறவர் இல்லை என்றேனே, அது இரு பக்கமும் வெட்டும். 1977-78இல் ஜோயியின் இடம் ஆட்டம் கண்டது. 1978இல் நியூகாசிலிலிருந்து இடது பக்கத்துக்கு ஆலன் கென்னடியை வாங்கினார்கள். அப்புறம் என்ன, ஜோயி கிளம்ப வேண்டியதுதான். சரியாக 100 ஆட்டங்கள், 3 கோல்களோடு ஆன்ஃபீல்டு கணக்கு முடிந்தது. ரெக்ஸம் 2,10,000 பவுண்டு கொடுத்துத் தன் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அப்போது ரெக்ஸம் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியிருந்த நேரம். மேலாளர் ஆர்ஃபன் கிரிஃபித்ஸ்.

செல்சி ரசிகர்கள் முதலில் அவரை வெறுத்தார்களாமே?

ஆமாம். 1982இல் ரெக்ஸம் கீழே இறங்கியது, பணமும் இல்லை. ஜான் நீல் என்றேனே, அவர் அப்போது செல்சி மேலாளர். வெறும் 34,500 பவுண்டுக்கு ஜோயியைக் கூட்டிப்போனார். நான்கு வருடத்துக்கு முந்தைய விலையோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு.

அன்றைய செல்சி பரிதாபமான நிலையில் இருந்தது. இரண்டாம் டிவிஷனின் அடிமட்டத்தில் தத்தளித்தது. அங்கே போய் முதல் ஆட்டத்திலேயே, கார்லைலில், ஜோயி வெளியேற்றப்பட்டார். இதில் ஒரு விநோதம் உண்டு. இங்கிலாந்து லீக்கில் 1976இல் வந்த மஞ்சள், சிவப்பு அட்டைகளை 1981இல் எடுத்துவிட்டார்கள். 1987இல்தான் திரும்ப வந்தன. ஆகவே ஜோயிக்குச் சிவப்பு அட்டை எதையும் யாரும் நீட்டியிருக்க முடியாது. நடுவர் கையைக் காட்டினார், இவர் நடந்தார்.

லிவர்பூல் பறவையைப் பச்சை குத்தியவர், வந்ததும் வெளியேற்றம், அதோடு இங்கேயும் முஷ்டி காட்டுகிறார். ரசிகர்கள் ஊளையிட்டார்கள். அவர் முஷ்டியை நிறுத்தவில்லை. அந்த சீசன் முடிவில், 1983 மே மாதம், போல்டனில் கிளைவ் வாக்கர் அடித்த ஒரே கோலால்தான் செல்சி மூன்றாம் டிவிஷனுக்கு விழாமல் தப்பியது. அந்த ஆண்டு ரசிகர்கள் தேர்ந்தெடுத்த சிறந்த செல்சி வீரர் யார் தெரியுமா? ஜோயி ஜோன்ஸ்! அடுத்த சீசனில் கெர்ரி டிக்சன், பாட் நெவின் எல்லாம் வந்து சேர, செல்சி இரண்டாம் டிவிஷன் பட்டத்தோடு மேலே ஏறியது.

மிக்கி தாமஸ் பெயரை ஏன் எப்போதும் இவரோடு சேர்த்துச் சொல்கிறார்கள்?

இருவரும் வடக்கு வேல்ஸ், இருவரும் ரெக்ஸம், இருவரும் ஒரே வார்ப்பு. 1984 ஜனவரியில் மிக்கியும் செல்சிக்கு வந்தார். சரி, இரண்டு பேரும் லண்டனில் வீடு பார்த்துக் குடியேறுவார்கள் என்று பார்த்தால், இல்லை. வடக்கு வேல்ஸிலிருந்தே காரில் போய் வந்தார்கள். ஒரு வழிக்குக் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். பயிற்சிக்கும் அதே பாதை, ஆட்டத்துக்கும் அதே பாதை. நம் ஊர்க் கணக்கில் சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே உள்ளதைவிடக் கூடுதல். மண்ணை விட்டு வர மனசில்லாத இரண்டு பேர், இவ்வளவுதான் விளக்கம்.

முரட்டு ஆட்டக்காரரா? இன்றைய விதிகளில் தாக்குப்பிடிப்பாரா?

முரடர்தான், மறுக்க முடியாது. ஆனால் அந்தக் காலத்து ஆட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பின்னாலிருந்து காலை விட்டுப் பந்தைப் பறிப்பது அன்று தடுப்பாளரின் அன்றாட வேலை. முதல் டேக்கிளில் விங்கருக்கு ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தெரிவித்துவிட வேண்டும் என்பது எழுதாத பாடம். நடுவரும் முதல் தடவைக்கு விட்டுவிடுவார். மைதானங்களோ டிசம்பர் ஆனால் சேற்று வயல். நடுவில் புல்லே இருக்காது. அந்தச் சேற்றில் சறுக்கிக்கொண்டு வரும் ஒருவரைத் தாண்டிப் போவது லேசான காரியம் இல்லை.

தடுப்பாளர் காலால் தள்ளும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992இல் வந்தது. ஜோயி ஓய்வு பெற்றதும் அதே 1992. தற்செயல்தான், ஆனாலும் பொருத்தமான தற்செயல். அதற்குப் பிந்தைய ஆட்டத்தில் தடுப்பாளரும் நடுக்கள வீரர் மாதிரி பந்தை ஆள வேண்டியதாயிற்று.

வேல்ஸ் அணியில் அவர் காலம் எப்படி?

1975 நவம்பரில் ஆஸ்திரியாவுக்கு எதிராகத் தொடங்கினார். அதுவும் ரெக்ஸம் மைதானத்தில். ஆர்ஃபன் கிரிஃபித்ஸ் கோலில் வேல்ஸ் 1-0 என்று வென்று, நாட்டு அணிகளுக்கான ஐரோப்பியப் போட்டியின் காலிறுதிக்குப் போனது. 1986இல் முடித்தபோது 72 ஆட்டங்கள். அப்போது அது வேல்ஸ் சாதனை. பிறகு பீட்டர் நிக்கலஸ் ஒன்று கூடுதலாக ஆடி முந்தினார்.

1980 மே மாதம் அதே ரெக்ஸமில் இங்கிலாந்தை 4-1 என்று நொறுக்கிய அணியிலும் ஜோயி உண்டு. வேல்ஸ் மேலாளராக மைக் இங்கிலாண்டுக்கு அதுதான் முதல் ஆட்டம். ஆமாம், பெயரே இங்கிலாண்டு! அவரும் பழைய தடுப்பாளர்தான்.

உலகக் கோப்பையில் ஆடினாரா?

இல்லை. நெருங்கி நெருங்கி நழுவியது. இதைப் பேசினால் வேல்ஸ்காரர்கள் இன்றும் பெருமூச்சு விடுவார்கள்.

1977 அக்டோபர், ஸ்காட்லாந்தோடு தகுதிச் சுற்று. முந்தைய ஆண்டு கார்டிஃபில் நடந்த ரகளையால் அங்கே ஆட்டத்தை வைக்க முடியவில்லை. வேல்ஸ் தன் ‘சொந்த’ ஆட்டத்தை லிவர்பூலின் ஆன்ஃபீல்டுக்குக் கொண்டுபோனது. ஜோயிக்கு அது வீடு. ஆனால் ஸ்காட்லாந்து ரசிகர்கள் அரங்கை நிறைத்துவிட்டார்கள். கடைசிக் கட்டத்தில் உயரே வந்த ஒரு பந்தில் ஒரு கை பட்டது. ஸ்காட்லாந்தின் ஜோ ஜோர்டன் கை என்று வேல்ஸ் தரப்பு இன்றுவரை சொல்கிறது. படத்திலும் அப்படித்தான் தெரிகிறது. பிரெஞ்சு நடுவரோ வேல்ஸ் வீரரின் கை என்று பெனால்ட்டி கொடுத்தார். டான் மாசன் அடித்தார். இரண்டாவது கோலைத் தலையால் முட்டியவர் கென்னி டால்கிலீஷ். ஜோயியின் சொந்தக் கிளப்பில் இரண்டு மாதம் முன்பு சேர்ந்தவர்!

எட்டு வருடம் கழித்து, 1985 செப்டம்பர், மறுபடி ஸ்காட்லாந்து, இம்முறை கார்டிஃபில். மறுபடி கையில் பட்ட பந்து, மறுபடி பெனால்ட்டி, 1-1. வேல்ஸ் வெளியே. அன்றைக்கு ஸ்காட்லாந்து மேலாளர் ஜாக் ஸ்டைன் ஆட்டத்தின் முடிவில் மைதானத்திலேயே சரிந்து இறந்தார். அதற்குப் பிறகு கோலைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. இந்த இரண்டு ஆட்டங்களிலும் ஆடிய வேல்ஸ்காரர்களில் ஜோயி ஒருவர்.

வேல்ஸுக்குக் கோல் ஏதும் போட்டாரா?

72 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று. 1982 டிசம்பரில் யூகோஸ்லாவியாவின் டிட்டோகிராடில் நடந்த ஐரோப்பியத் தகுதி ஆட்டம். முடிவு 4-4. இரண்டு பக்கமும் தடுப்பாட்டம் விடுமுறையில் போய்விட்ட அந்த நாளில், தடுப்பாளரான இவர் போய் ஒரு கோல் போட்டுவிட்டார். மற்ற மூன்றும் ஃபிளின், ரஷ், ராபி ஜேம்ஸ்.

அந்தப் பிரிவின் முடிவு இன்னொரு வேதனை. 1983 டிசம்பரில் யூகோஸ்லாவியாவும் பல்கேரியாவும் சமன் செய்திருந்தாலே வேல்ஸ் ஐரோப்பியப் போட்டிக்குப் போயிருக்கும். 2-2 என்று நின்ற ஆட்டத்தில், கூடுதல் நிமிடங்களில் யூகோஸ்லாவியா முட்டித் தள்ளியது.

ஹடர்ஸ்ஃபீல்டில்?

1985 முதல் 1987 வரை, இரண்டாம் டிவிஷனில் ஒழுங்காக ஆடினார். கதை சொல்லும்படி பெரிதாக இல்லை.

கடைசியில் ரெக்ஸமுக்கே திரும்பினார் அல்லவா?

1987இல். அப்போது ரெக்ஸம் நான்காம் டிவிஷன். 1990-91 சீசனில் கடைசிக்கும் கடைசி: நான்கு டிவிஷன்களிலும் சேர்த்து 92ஆவது இடம். லீக்கைப் பெரிதாக்கிய வருடம் என்பதால் தப்பித்தார்கள், இல்லாவிட்டால் லீக்கை விட்டே போயிருப்பார்கள். 1977இல் ஐரோப்பாவின் உச்சியில் இருந்த அணியில் ஆடியவர், 14 வருடம் கழித்து ஆங்கில லீக்கின் அடியில் கிடந்த அணியிலும் இருந்தார். இரண்டு இடத்திலும் அதே முஷ்டி.

ஓய்வுக்குப் பிறகு?

ரெக்ஸமிலேயே பயிற்சியாளராகத் தங்கினார். பழைய வேல்ஸ் தோழர் பிரையன் ஃபிளின் அங்கே மேலாளர். 2002இல் இதய அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகும் கிளப்பை விட்டு விலகிப் போய்விடவில்லை.

வேல்ஸின் சிறந்த தடுப்பாளர் இவர்தானா?

இல்லை என்றுதான் நான் சொல்வேன். கெவின் ராட்கிளிஃப் எவர்டன் தலைவராக இரண்டு லீக் பட்டங்களைத் தூக்கியவர், வேகமும் அதிகம். மைக் இங்கிலாண்டு தலைப்பந்தில் தனி ரகம். தடுப்பில் ஜான் சார்ல்ஸ் நின்ற நாட்களையும் கணக்கில் எடுத்தால் பேச்சே முடிந்தது. ஆனால் ‘உங்களுக்குப் பிடித்த தடுப்பாளர் யார்?’ என்று ரெக்ஸமில் கேட்டுப் பாருங்கள். அது வேறு கேள்வி, அதற்கு வேறு பதில்.

ரெக்ஸம் அவருக்குக் கொடுத்த அந்த 2,10,000 பவுண்டு பெரிய தொகையா?

1978இல் ரெக்ஸம் போன்ற கிளப்புக்கு மிகப் பெரிது. அந்தக் கிளப் ஒரு வீரருக்குக் கொடுத்த அதிகபட்ச விலை அதுதான். எத்தனை நாள் அந்தச் சாதனை நின்றது என்கிறீர்கள்? 43 வருடத்துக்கு மேல். 2022 ஜனவரியில், ஹாலிவுட் முதலாளிகள் வந்த பிறகு, ஆலி பாமர் என்ற முன்களக்காரரை ஏறக்குறைய 3 லட்சம் பவுண்டுக்கு வாங்கியபோதுதான் அது முறிந்தது. அதையும் ஜோயி இருந்து பார்த்தார்.